சுமதியின் தாடைக்கு நாங்கள் வாதாடிய கதை

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். தொழிலாளி ஒருவருக்குத் தாடையில் அறுவை சிகிச்சையாம். இன்சூரன்ஸ்காரர்கள் முடியாது என்று செல்போனுக்கே பதில் அனுப்பிவிட்டார்களாம். அதில் மேல்முறையீட்டுக்கு ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் சின்னதாக ஒரு கட்டம் வருகிறது, அதற்குள் காரணத்தை எழுதச் சொல்கிறது, நீங்கள் அந்தக் காலத்தில் என்ன எழுதி ஜெயித்தீர்கள் மேடம் என்று கேட்டாள். எழுதி ஜெயிக்கவில்லை கண்ணு, சோறு தின்று ஜெயித்தோம் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால் முழுக் கதையையும் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மெண்டில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் லீவு லெட்டரும் கேண்டீன் டோக்கனுமாகப் போயின. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எழுதினால் எனக்கே தூக்கம் வரும். தொண்ணூறுகளில் சம்பளம் ஏறி, பழைய ஆட்கள் பலர் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதிக்கான சம்பள வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துக் கம்பெனியே மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்தது. அந்தப் பாலிசியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் மேஜைக்கு வந்தது.

வேலை என்பது பெரும்பாலும் சண்டை போடுவதுதான். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் பில்லைக் கொடுப்பார்கள், நான் அனுப்புவேன், இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து 'ஏற்பதற்கில்லை' என்று வரும். எந்த நிபந்தனையின் கீழ் ஏற்பதற்கில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சொல்லாமல் வருகிற எந்த மறுப்பையும் நான் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நிபந்தனையைச் சொன்ன பிறகுதான் ஆட்டமே ஆரம்பம்.

அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பர்சனல் மேனேஜர் வெங்கிடுசாமி சார். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் பச்சைக் கோயமுத்தூர் தமிழ். கேட் வாட்ச்மேனையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்லுவார். மெமோ கொடுத்தால்கூட, "தப்பா நெனச்சுக்காதீங்க, ரெண்டு நாள் சஸ்பெண்டுங்க" என்பார். வாங்கிக்கொண்டவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துதான் அழுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேல்முறையீட்டுக் கடிதத்தை டைப் செய்து கொண்டுபோனால் வாங்கிப் படிக்க மாட்டார். மேஜை டிராயரிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளுவார். "இப்ப நான் இன்சூரன்ஸ்காரனுங்க. சொல்லுங்க அம்மணி, எதுக்கு நான் பணம் தரோணும்?" என்பார். கண்ணாடி மூக்கில் இருக்கும்வரை அவர் எதிராளி. ஈவிரக்கம் கிடையாது. நான் சொல்கிற ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு வெட்டுவார். எப்போது அவருக்கு வெட்டப் பாயிண்ட் கிடைக்கவில்லையோ, அப்போது கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "அனுப்புங்க" என்பார். பல நாள் எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாம் போல இருக்கும்.

தாடை விஷயத்தில் எனக்கு முதல் வெற்றி மோல்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவரால் வந்தது. மொபெட்டில் போனவர் குறுக்கே வந்த எருமை மேல் மோதி விழுந்து தாடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி எலும்பைச் சேர்த்தார்கள். பல் வைத்தியத்துக்குப் பாலிசியில் இடமில்லை என்று இன்சூரன்ஸ் ஆபீஸ் மறுத்தது. வெங்கிடுசாமி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கம்பி கட்டுனது பல்லுலதானுங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் முறிஞ்சா மாவுக்கட்டு தோல் மேலதானுங்க சார் போடறாங்க. அதத் தோல் வைத்தியம்னு சொல்லுவீங்களா?" என்றேன். கண்ணாடி உடனே கழன்றது. அந்த வரியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினோம். பணம் வந்துவிட்டது. அன்று கேண்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்துப் பீற்றிக்கொண்டேன்.

அந்தப் பீற்றல் காதில் விழுந்துதான் சின்னச்சாமி என்னைத் தேடி வந்தார். அசெம்பிளி செக்‌ஷனில் பிட்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். அவருடைய ஒரே மகள் சுமதி. சின்ன வயதில் ஆடி நோம்பிக்கு மரத்தில் கட்டின தூரியில் ஊஞ்சல் ஆடும்போது கயிறு நழுவி விழுந்து மோவாயில் அடி. வீங்கியது, வற்றியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வருடத்துக்கு வருடம் வாய் திறப்பது குறைந்து, பிளஸ் டூ முடிக்கிற வயதில் ஒரு தீக்குச்சியை நுழைக்கிற அளவுக்கு வந்து நின்றுவிட்டது. காதோரம் இருக்கிற தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொன்னாராம். "பேரிங் ஜாம் ஆயிப்போச்சுங்க அம்மணி" என்று சின்னச்சாமி எனக்கு விளக்கினார். மோவாயும் வளராமல் உள்ளடங்கிவிட்டது.

நான் அந்த டாக்டரம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். எந்த வழக்கானாலும் மருத்துவரை ஒரு தடவையாவது பார்த்துவிடுவது என் பழக்கம். ஒட்டின எலும்பை வெட்டியெடுத்து, நடுவில் சதையை வைத்து, மூட்டை மறுபடி அசைய வைப்பது அந்த ஆபரேஷன். தள்ளிப்போடக்கூடாது என்றார். மோவாய் உள்ளே போனதால் தூங்கும்போது மூச்சு திணறுகிறது. என்றைக்காவது பலமாக வாந்தி வந்தால் வெளியே வர வழியில்லை, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் என்றார்.

செலவு சின்னச்சாமியால் ஆகிற காரியமில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி முன்பணம் கட்டும் என்று வெங்கிடுசாமி சார் முதலாளியிடம் பேசி வாங்கிவிட்டார். எழுதிப் போட்டோம். எதிர்பார்த்தபடியே பல் வைத்தியம் என்று மறுத்தார்கள், ஏனென்றால் அந்த டாக்டரம்மா பல் மருத்துவம் படித்தவர். மாவுக்கட்டுக் கதையை மறுபடி எடுத்துவிட்டேன். அது பல் இல்லை, மூட்டு என்று எக்ஸ்ரேயோடு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சரி, எங்கள் டாக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது. பாதி ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அவர் வந்து போன பிறகு இரண்டாவது மறுப்பு வந்தது. நன்றாகச் சாப்பிடுவதாகப் பெற்றோரே சொன்னார்கள், திருமணத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்கிறார்கள், ஆகவே இது முகத்தோற்றத்துக்கான சிகிச்சை, பாலிசியில் இடமில்லை. இதுதான் சாரம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த டாக்டர் வீட்டுக்கே போகாமல் கட்டிவிட்டிருக்கிறார், பச்சைப் பொய் என்று கொட்டை எழுத்தில் எழுதப் போகிறேன் என்று வெங்கிடுசாமி சாரிடம் குதித்தேன். "எழுதலாமுங்க. அதுக்கு முன்னாடி சின்னச்சாமிய வரச் சொல்லுங்க" என்றார்.

சின்னச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க சின்னச்சாமி, நல்லா இருக்கறீங்களா? பொண்ணு நல்லாச் சாப்புடறாங்களா?"

"நல்லா இருக்கறமுங்க. சாப்பாட்டுக்கெல்லாம் ஒண்ணும் கொறையில்லீங்க" என்றார் சின்னச்சாமி, கொஞ்சமும் யோசிக்காமல்.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை. இவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது கேட்டாலும் நல்லா இருக்கறமுங்க என்றுதான் சொல்லுவோம். வீடு தேடி ஒருவர் வந்திருக்கிறார், சோபாவில் உட்கார்ந்து நம் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் என் மகள் வயிறு நிறையச் சாப்பிட்டு வருடக் கணக்காகிறது என்று எந்த அப்பன் சொல்லுவான்? அதுவும் அடுப்படியில் பெற்றவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது. வந்தவர் மனம் சங்கடப்படக்கூடாது, வீட்டு மானமும் போகக்கூடாது. அந்த மரியாதையே குழி தோண்டிவிட்டது.

கல்யாணப் பேச்சு ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "கல்யாணமாயிட்டா பாலிசியில பேர எடுத்துருவாங்கன்னு நீங்கதானுங்க அம்மணி போர்டுல எழுதிப் போட்டிருந்தீங்க" என்றார். விதியும் அதுதான், நோட்டீஸ் ஒட்டியதும் நான்தான். வெங்கிடுசாமி சார் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுமதியின் அம்மா ருக்மணி, சாப்பிடாமல் போகக்கூடாது என்று வழியை மறித்துக்கொண்டார். சுமதியும் கூட உட்கார்ந்தால் சாப்பிடுகிறேன் என்றேன். அவ அப்பறமா சாப்புடுவாளுங்க என்றார். அப்பறம் என்றால் எப்போது என்று நானும் விடவில்லை. கடைசியில் அடுப்படியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து வைத்தார்.

சுமதியோடு கொஞ்சம் பழகிய பிறகுதான் மோவாய் உள்ளே போனது கண்ணில் படாமல் போகும். ஆனால் கண்கள் பெரியவை, எதையும் விடாமல் பார்க்கும். ஒரு பக்கத்துக் கடைவாயில் ஒரு பல்லை எடுத்துவிட்டிருந்தார்கள், சோறு போக ஒரு வழி வேண்டும் என்று. சந்தகையை இழை இழையாகப் பிரித்து, கன்னத்துக்குள் விரலை விட்டு அந்தச் சந்து வழியாகத் தள்ளினாள். நாக்கால் நசுக்கி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினாள். மறுபடி ஓர் இழை. கீழே சிந்தியதை உடனே துடைத்தாள்.

"நல்லாத்தானுங்க சாப்புடறா. நேரந்தான் கொஞ்சம் ஆகும்" என்றார் ருக்மணி.

சுமதி கடித்த பற்களுக்கு நடுவிலிருந்து பேசினாள். மெதுவாக, ஆனால் தெளிவாக. "பசி அடங்கறதுக்கு முன்னாடி கன்னம் வலிச்சு நிறுத்திப்போடுவனுங்க்கா. அத அம்மா நல்லாச் சாப்புட்டான்னு சொல்லுது."

ருக்மணி அடுப்பு மேடையைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மேலதிகாரியை நேரில் பார்க்க வெங்கிடுசாமி சார் நாள் வாங்கியிருந்தார். கோயமுத்தூர் டிவிஷனல் மேனேஜர். எத்தனை சர்டிபிகேட் கொடுத்தாலும் பெற்றோர் சொன்னதாக ஒரு வரி இருக்கிறதே, அதை எப்படி அழிப்பது? எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. கேட்கத் தயக்கமாக இருந்தாலும் சுமதியிடமே கேட்டேன்: அந்த ஆபீசுக்கு வந்து, அவர்கள் முன்னால் சாப்பிடுவாயா?

அந்தப் பெண் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட இலைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. ஊட்டுலயே சாப்புட்டுட்டு வந்துட்டனுங்க என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். தட்டில் மிச்சமிருந்த இழைகளை ஓரமாக ஒதுக்கினாள். கேட்டிருக்கவே வேண்டாமோ என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"வாரேனுங்க்கா. சந்தகை வேண்டாம். எல்லாரும் திங்கறதயே கொண்டாரேன்" என்றாள்.

அதற்குள் வெங்கிடுசாமி சார் சின்னச்சாமிக்குத் தினமும் வகுப்பு எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொண்ணு நல்லாச் சாப்புடறாங்களா என்று கேட்பார். இல்லீங்க, கஷ்டப்படறாளுங்க என்று சின்னச்சாமி சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாளும் கொறையில்லீங்க என்றே வந்தது. மூன்றாம் நாள் தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவழியாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பம்ப்செட்டுக்குத் தண்ணீர் ஏறின மாதிரி இருந்தது.

அந்த நாளும் வந்தது. டிவிஷனல் மேனேஜர் கொடுமுடிக்காரர், நல்ல உயரம், நிதானமான பேச்சு. வீட்டுக்கு வந்து விசாரித்த டாக்டரையும் வரச் சொல்லியிருந்தார். நான் எக்ஸ்ரே, சர்டிபிகேட், பாலிசி நிபந்தனை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சின்னச்சாமி பக்கம் திரும்பி, "என்னுங்க, பொண்ணுக்குச் சாப்பாட்டுக்குச் சிரமமுங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கொறை ஒண்ணும் இல்லீங்க" என்றார் சின்னச்சாமி.

அந்த இடத்திலேயே அவரை நாலு சாத்து சாத்தலாம் போல எனக்கு வந்தது. வெங்கிடுசாமி சார் மின்விசிறியைப் பார்த்தார். அதிகாரி கையை விரித்தார். "அவரே சொல்றாருங்களே" என்றார்.

அப்போதுதான் வெங்கிடுசாமி சார் தன் மெல்லிய குரலில் பேசினார். "சாப்பாட்டு நேரமாச்சுங்க. நாங்க கையோட சோறு கொண்டாந்திருக்கறோம். உங்க கேரியரையும் எடுத்தீங்கன்னா, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டுட்டே பேசலாமுங்க."

கொடுமுடிக்காரர் இதற்கு எப்படி மாட்டேன் என்பார்? எதிரே ஒரு பெண்பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்க, தான் மட்டும் தனியாகச் சாப்பிடவும் அவர் வளர்ந்த வீட்டில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மேஜையில் இருந்த பைல்களை ஒதுக்கினார்கள். சுமதி தன் டப்பாவைத் திறந்தாள். அரிசியும் பருப்புமாகப் போட்ட சோறு, மேலே நெய். எங்கள் பக்கத்தில் வாரத்தில் பாதி நாள் எல்லோர் வீட்டிலும் அதுதான். வாசனை அறை முழுக்கப் பரவியது.

அவள் ஒரு பருக்கையை எடுத்துக் கன்னத்துக்குள் தள்ளினாள். அது சந்தில் மாட்டிக்கொண்டது. விரலால் எடுத்து நசுக்கித் தள்ளினாள். பருப்பு வெளியே வழிந்தது. கர்ச்சீப்பால் துடைத்தாள். இன்னொரு பருக்கை. தலையைக் குனியவே இல்லை. அதிகாரியை நேராகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்கு வாழ்க்கையில் அந்தப் பெண்ணின் மேல் வந்த மரியாதை பெரிய பெரிய ஆட்கள் மேல்கூட வந்ததில்லை.

அதிகாரி தன் சோற்றை முடித்து, எழுந்து போய்க் கை கழுவி வந்தார். சுமதியின் டப்பாவில் எடுத்த இடமே தெரியவில்லை. டாக்டர் எழுந்து வந்து, சிரமம் பார்க்காமல் வாயைத் திறம்மா என்றார். உதடு மட்டும் விலகியது. கையில் வைத்திருந்த தடித்த மரக்குச்சியைப் பற்களுக்கு நடுவே நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. "நான் கேட்டுட்டு வந்துட்டேன். பாக்காம வந்துட்டேன்" என்று அதிகாரியிடம் ஒளிக்காமல் சொன்னார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

சின்னச்சாமி சாப்பிடவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்டு ஷிப்டாக வேலைக்குப் போகிறவர். அவள் அடுப்படியில் தனியாகச் சாப்பிடுகிறவள். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே அன்றுதான் என்பது எனக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"கொறை இருக்குதுங்க" என்றார். குரல் உடைந்துவிட்டது. "எம்பொண்ணு பசியோடதானுங்க இருக்கறா. கேக்கறவங்ககிட்டயெல்லாம் நல்லா இருக்கறான்னு சொல்லிப்போட்டனுங்க."

அதிகாரி ஸ்டெனோவைக் கூப்பிட்டார். எங்கள் முன்னாலேயே சொல்லச் சொல்ல அந்தப் பெண் சுருக்கெழுத்தில் எடுத்தாள். இது முகத்தோற்றத்துக்கான சிகிச்சை அல்ல, உணவு உட்கொள்வதற்கான சிகிச்சை, முந்தைய மறுப்பு ரத்து செய்யப்படுகிறது. டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கையிலேயே கொடுத்தார். "ஆபரேஷனுக்கு நாள் வாங்குங்க" என்று சுமதியிடம் சொன்னார். படி இறங்கும்போது வெங்கிடுசாமி சார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "இன்னிக்கு இதுக்கு வேலையே இல்லாமப் போச்சுங்க அம்மணி" என்றார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதைவிடப் பெரிய பாடு அதற்குப் பிறகுதான். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்து பழக வேண்டும், விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சுமதி அழுதுகொண்டே செய்தாள், ஆனால் ஒரு நாளும் விடவில்லை. சின்னச்சாமி பேக்கிங் செக்‌ஷனில் கழித்துப்போட்ட மரத்தில் சின்னது முதல் பெரியது வரை வழுவழுவென்று ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். அடுத்த சைஸ் ஆப்பு உள்ளே போன அன்றெல்லாம் செய்தி அசெம்பிளி லைன் முழுக்கப் பரவிவிடும்.

போன் செய்த பெண்ணுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தத் தொழிலாளியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதே. நம் ஊர் ஆள், நல்லா இருக்கறமுங்க என்றுதான் சொல்லுவார். போய் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார். அப்புறம் அந்தக் கட்டத்துக்குள் எழுத உனக்கு வார்த்தை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. வாய் நன்றாகத் திறக்க ஆரம்பித்த பிறகு, அந்த டிவிஷனல் மேனேஜருக்கு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சின்னச்சாமி பிடிவாதம் பிடித்தார். வெங்கிடுசாமி சாரும் நானும் கூடப் போனோம். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அதிகாரி இன்னும் வரவில்லை என்று கிளெய்ம் செக்‌ஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெயில் காலம், மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சுமதிக்குக் கொட்டாவி வந்தது.

சாதாரணக் கொட்டாவி இல்லை. பல வருடமாக வராமல் இருந்த கொட்டாவி. தலை பின்னால் சாய்ந்து, கண் சொருகி, வாய் முழுசாகத் திறந்து, உள்நாக்கு தெரிய, சத்தத்தோடு வந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவள் பைல் பல மாதமாக அந்த மேஜைகளுக்கு நடுவே அலைந்தது, யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சின்னச்சாமிக்குத்தான் மானம் போய்விட்டது. "ஏ அம்மணி, பெரியவங்க இருக்கற எடம், வாய மூடு" என்று மகளை அதட்டினார்.

வாசலில் நின்ற கொடுமுடிக்காரரை அப்போதுதான் பார்த்தோம்.

"மூட வேண்டாமுங்க. நல்லா உடட்டும்" என்றார். அடுத்த வார்த்தை சொல்ல வாயைத் திறந்தவருக்கு, வார்த்தைக்குப் பதில் கொட்டாவி வந்துவிட்டது. அவரைப் பார்த்து ஸ்டெனோவுக்கு வந்தது. பிறகு எனக்கு. வெங்கிடுசாமி சார் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு விட்டார். சின்னச்சாமி பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்து, முடியாமல், அவரும் விட்டார். சுமதி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், சிரித்தாள், சிரிப்பு முடிவதற்குள் அவளுக்கு அடுத்த கொட்டாவி வந்துவிட்டது.